மாமா வீட்டு உறுமலும் மூன்று கேபிள்களும்

மாமி போனில் சொன்னது இவ்வளவுதான்: “உங்கட மாமா பாட்டுப் பெட்டிக்குள்ள மாடு கட்டி வைச்சிருக்கிறார். ஒருக்கா வந்து பார் தம்பி.”

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அவர்கள் வீடு. பல்கனிக் கதவைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மாமா அளவெட்டிக்காரர், வயது எழுபத்து நான்கு. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இளவயதில் நேரே கேட்டவர். நாதஸ்வரமும் தவிலுமாக நாற்பது இசைத்தட்டுகள் வரை வைத்திருக்கிறார். அவற்றைப் போடும் நேரத்தில் வீட்டில் யாரும் மிக்சியைத் தொடக் கூடாது.

நான் தொழிலில் கணக்காளன். கேபிள் செய்வது பொழுதுபோக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் தொற்றிய பழக்கம் இது. இருட்டில் மெழுகுதிரி வைத்து வயர் உரித்து அடுக்கி வைப்பேன், கரண்ட் வந்ததும் சோல்டரிங் அயனைச் சூடாக்குவேன். அப்படித் தொடங்கி, சொந்தத்துக்குள் எந்த வீட்டு ரேடியோ கரகரத்தாலும் எனக்கு அழைப்பு வரும் அளவுக்கு வந்துவிட்டது. மாமா வீட்டு விஷயத்தை விரிவாக எழுதக் காரணம், இதில் நான் பிழைவிட்ட இடங்கள்தான். சரியாகச் செய்ததை விட அவற்றில்தான் கூடப் படித்தேன்.

முறைப்பாடு

மூன்று விஷயங்கள். செட்டைப் போட்டதும் ஓயாத உறுமல், முக்கியமாகத் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபரில். இசைத்தட்டு ஓடும்போது இடது பக்கம் இடைக்கிடை வெடித்து அறுந்து போகும் சத்தம். மூன்றாவது முறைப்பாடு இல்லை, விருப்பம்: இசைத்தட்டுச் சுழலியை அம்ப்ளிபயருக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, சுவரலமாரிக்குள் வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் கை வைக்கிறார்களாம்.

செட்டில் இருந்தவை: எழுபதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் அம்ப்ளிபயர், இரண்டு முள் பிளக். ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் ஆட்டத்தை மின் சிக்னலாக்கும் சின்னத் துண்டு) பூட்டிய சுழலி. இரண்டு ஸ்பீக்கர். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, மூன்று முள் பிளக் உள்ள சப்வூஃபர். சட்டலைட் டிவிப் பெட்டி ஒன்றும் அம்ப்ளிபயரில் செருகியிருந்தது. செய்தியையும் நாடகத்தையும் மாமி நல்ல ஸ்பீக்கரில் கேட்க விரும்புவார்.

சப்வூஃபருக்கு மூன்று முள், டிவிப் பெட்டிக்குப் பல்கனியில் டிஷ். இந்த இரண்டையும் அன்றைக்கே பக்கத்தில் வைத்து யோசித்திருந்தால் ஒரு மாத வேலை ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

அவசரம்

நான் நேரே சுழலியின் வயரைச் சந்தேகித்தேன். அப்படி நினைக்க நியாயம் இருந்தது. இந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 4 மில்லிவோல்ட். சீடி பிளேயர் 2 வோல்ட் தரும். அதோடு இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து வெட்டுவார்கள், வாசிக்கும்போது அம்ப் அதைத் திரும்பக் கூட்டிக் கொடுக்கும். 1954இல் பொதுவாகிய ஆர்ஐஏஏ முறை அது. அதன்படி 50 ஹெர்ட்ஸ் சத்தம், 1000 ஹெர்ட்ஸை விட 17 டெசிபெல் கூடுதலாகப் பெருக்கப்படும். நம் வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே சுழலியின் வயரில் சின்ன ஓட்டை இருந்தாலும் கரண்டின் உறுமல் உள்ளே வந்துவிடும்.

காரணம் சரி, முடிவு பிழை. உறுமல் டிவி கேட்கும்போதும் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அலமாரி வரை அளந்தேன், 3 மீட்டர் வந்தது. அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரொனிக் சாமான் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே “ஒரிஜினல்” என்ற சொல்லுக்கு எந்தப் பொருளும் கிடையாது. மைக் கேபிள் 8 மீட்டர், ஓடியோ வயர்களின் முனையில் வரும் ஆர்சிஏ பிளக் எட்டு, ஸ்பீக்கர் வயர் 10 மீட்டர் வாங்கினேன். ஸ்பீக்கர் வயரின் மேல் ‘நூறு வீதம் செம்பு’ என்று அச்சடித்திருந்தது. கையில் எடுத்தபோதே சுருளில் கனம் குறைவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. ஈயம் பூசிய செம்பென்றால் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. இது மறுபக்கமாக இருந்தது: அலுமினியத்துக்குச் செம்புத் தோல். லைட்டர் நெருப்பில் பிடித்தபோது நுனி உருகி வளைந்து விழுந்தது. செம்பு உருக 1085 பாகை வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும்.

நியாயமாகச் சொல்வதென்றால், காதுக்கு அது பெரிய குற்றமில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு வயர் 4 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.064 ஓம். இந்த வயர் அதன் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஏறத்தாழ 0.1 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டும் தூசு. ஆனால் அலுமினியம் திருகினால் முறியும், ஈயம் சரியாகப் பிடிக்காது, கடற்காற்றில் கெதியில் கெடும். செம்பின் காசும் வாங்கியிருக்கிறார்கள். அதைத் தூக்கி மூலையில் போட்டேன். பிறகு மாமி அதில் கொடி கட்டினார்.

மேசையில்

மைக் கேபிளுக்குள் இரண்டு நடு வயர், சுற்றிவர மெல்லிய செம்புக் கம்பிப் பின்னல். ஒரு வயர் சிக்னலுக்கு, மற்றது திரும்பி வர. பின்னலை அம்ப் பக்கம் மட்டும் இணைத்து மறுமுனையில் விட்டுவிடுவது பலர் செய்கிற முறை. நானும் அப்படியே செய்தேன்.

ஆர்சிஏ பிளக்கில் ஈயம் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நடு முள்ளைச் சாய்த்திருப்பார்கள். முள்ளைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வட்டு. அயனின் சூடு இரண்டு விநாடி கூடினாலும் அது இளகி, முள் ஒருபக்கம் படுத்துவிடும். அதற்கு என் வழி: பழைய டிவி ஒன்றிலிருந்து கழற்றிய சொக்கெட் வரிசையைப் பலகையில் திருகி வைத்திருக்கிறேன். பிளக்கை அதில் செருகிவிட்டுத்தான் சூடு காட்டுவேன். சொக்கெட் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், முள்ளையும் நிமிர்த்திப் பிடிக்கும். ஈயக் கம்பி 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் காரீயமும் கலந்தது. 183 பாகையில் கூழாக நிற்காமல் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக இறுகும். இறுகும் நேரத்தில் கை ஆடினால் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். அப்படி ஆனதைத் திரும்பச் சூடாக்காமல் விட்டால், ஆறு மாதத்தில் யாராவது போன் பண்ணுவார்கள்.

வெள்ளவத்தையில் இதற்கு இன்னொரு சிக்கல். மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. பல்கனிக் கதவைத் திறந்தால் கடற்காற்று அயனின் நுனியை ஆற்றிவிடுகிறது. மூடி, ஃபானையும் நிறுத்தினால் வியர்வை மூக்கு நுனியிலிருந்து மேசையில் சொட்டுகிறது, பிசின் புகையும் முகத்துக்கே வருகிறது. கதவை நாலு விரல் திறந்து, முன்னால் மாமியின் அரிசிச் சுளகை நிறுத்தி வைத்தேன். காற்று சுற்றி வந்தது, புகை போனது.

மூன்று முனை முடித்தாயிற்று. நாலாவது முனையில் நல்ல மினுக்கமான இணைப்பு ஒன்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பிளக்கின் உறை மேசையில் இருந்து என்னைப் பார்த்தது. வயரில் முதலே கோர்த்திருக்க வேண்டியது. இதைச் செய்யாத கேபிள்காரர் யாரும் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, திரும்ப உருக்கினேன்.

பழைய வயரையும் சும்மா விடவில்லை. அதன் இடது பிளக் அச்சில் வார்த்த ரப்பர். பிளேடால் நெடுகக் கீறித் திறந்தேன். உள்ளே பின்னலில் இரண்டு மூன்று இழை மட்டும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. மிச்சமெல்லாம் பச்சை. கடல் உப்பும் ஈரமும் ரப்பருக்கும் வயருக்கும் இடையால் புகுந்து செம்பைத் தின்றிருந்தது. இடது பக்கத்து வெடிச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். புது வயர் போட்டதும் நின்றது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்தார்.

“செம்பில் களிம்பு எண்டு சித்தாந்தத்தில படிச்சதை இண்டைக்குத்தான் கண்ணால காணுறன்.”

சீறல்

உறுமல் அப்படியே இருந்தது. 3 மீட்டர் புது வயர், புது பிளக், மினுங்கும் ஈயம், அதே மாடு. போதாததற்குப் புது முறைப்பாடு ஒன்றும் சேர்ந்தது. இரண்டாம் நாள் மாமா சொன்னார்: “நாதஸ்வரம் கத்துது தம்பி. தாளம் சீறுது. முந்தி இப்பிடி இல்லை.”

முதலில் நான் நம்பவில்லை. வயர் மாற்றினால் குரல் மாறும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இவர் விற்கிறவர் இல்லை, கேட்கிறவர். கொள்ளளவு, அதாவது வயர் தனக்குள் மின்னைத் தேக்கும் அளவு, அதை அளக்கும் மீட்டரை எடுத்து வைத்தேன். ஒரு பக்க வயர் 460 பிகோஃபரட் காட்டியது. அப்போதுதான் தலையில் கை வைத்தேன்.

இந்தக் கார்ட்ரிட்ஜின் உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. அதன் தூண்டல் 550 மில்லிஹென்றி. வயரின் கொள்ளளவோடு சேர்ந்து அது ஒரு ஊஞ்சல் மாதிரி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். வயரோடு அம்ப் உள்ளே இருக்கும் 100 சேர்த்தால் 560 பிகோஃபரட். கணக்குப் போட்டால் ஊஞ்சல் 9 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் 4 டெசிபெல் மேடு. அதற்கு மேலே சரிவு. கார்ட்ரிட்ஜ் செய்தவர்களே 100 முதல் 200 பிகோஃபரட் வரை போதும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கிவிட்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதுக் காதுக்கு உச்சத்தில் காணாமல் போனது எட்டியிருக்காது. ஆனால் 8இல் எழும்பிய மேடு நன்றாகவே எட்டியது. நாதஸ்வரத்தின் கூர்மையும் தாளத்தின் உலோகச் சத்தமும் கூடிக் கிடக்கும் இடம் அது.

அலமாரித் திட்டத்தைக் கைவிடச் சொன்னேன். மாமாவுக்கு மனமில்லை. அதனால் ஒரு சோதனை வைத்தோம். 90 சென்டிமீட்டரில், சீசீடிவி காமராவுக்குப் போடும் ஆர்ஜி 59 கேபிளில் இன்னொரு சோடி செய்தேன். மீட்டருக்கு 67 பிகோஃபரட்தான் அது, ஆகவே ஒரு பக்கம் 60. அம்பையும் டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) வயரையும் சேர்த்தால் மொத்தம் 180. ஊஞ்சல் 16 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும், மேடும் இருக்காது. மாமாவை முதுகு காட்டி உட்காரவைத்து, மச்சாள் காசைச் சுண்டி, பூவா தலையா பார்த்து வயரை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான். ஆர்சிஏ பிளக்கில் நடு முள் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் அலறும். முப்பதுகளில் ரேடியோவுக்குள் கிராமபோனைச் செருகுவதற்கென்று வந்த பிளக் அது, யாரும் திருத்தவில்லை.

ஆறு தடவை. ஆறும் சரியாகச் சொன்னார். குருட்டுவாக்கில் அப்படி அமைய அறுபத்து நாலில் ஒரு வாய்ப்பு. சுழலி பழைய இடத்துக்கே திரும்பியது. பேரப்பிள்ளைகளுக்காக மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி.

மாட்டைத் தேடி

இனி உறுமல். இந்தத் தடவை அயனைத் தொடவில்லை. ஒரு பிளக்கில் நடு முள்ளையும் வளையத்தையும் சின்னக் கம்பியால் இணைத்து, சிக்னலை வாயடைக்கும் பிளக் இரண்டு செய்துகொண்டேன். ஐந்து நிமிட வேலை, என் பெட்டியில் உள்ள மிகப் பயனுள்ள சாமான் இதுதான். சுழலியைக் கழற்றி, அந்த இடத்தில் வாய்ப்பூட்டைச் செருகினேன். உறுமல் இருந்தது. அப்படியென்றால் சுழலி நிரபராதி. ஒரு மாதமாக அதன் வயரை நான் வெட்டிக் கொத்திக்கொண்டிருந்தேன்.

சப்வூஃபரின் வாயில் பூட்டைச் செருகினேன். அமைதி. ஆகவே சப்வூஃபரும் நல்லது, அதற்கு வருகிற வயரோடுதான் ஏதோ வருகிறது. வயரைத் திரும்பச் செருகிவிட்டு, அம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டிவிப் பெட்டியின் வயரைக் கழற்றியதும் மாடு வாயை மூடியது. திரும்பச் செருகி, இப்போது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிஷ் கேபிளை மட்டும் கழற்றினேன். அப்போதும் அமைதி.

டிஷ் பல்கனி இரும்புக் கம்பியில் பூட்டியிருக்கிறது. அந்தக் கம்பி கட்டடத்தின் இரும்போடு சேர்ந்திருக்கிறது. அது ஒரு எர்த். சப்வூஃபரின் மூன்றாம் முள் இன்னொரு எர்த். இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, சின்ன வோல்ட் வித்தியாசம் இருக்கும். டிஷ் கேபிள், டிவிப் பெட்டி, அம்ப், சப்வூஃபர் வயர் என்று எல்லாவற்றின் வெளிப்பின்னல் வழியாகவும் கரண்ட் இந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இது எர்த் வட்டம், ஓடியோ வேலை தெரிந்தவர்களின் நிரந்தரத் தலையிடி. உபகரணங்களுக்குள்ளேயே இந்தக் கரண்ட் எப்படிச் சிக்னலுக்குள் புகுகிறது என்று ஓடியோ பொறியியலாளர் நீல் மன்சி 1995இல் எழுதியது இன்றைக்கும் பேசப்படுகிறது.

பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் ஏற்கெனவே வைத்தியம் சொல்லியிருந்தார்: “சப்வூஃபர் பிளக்கில எர்த் வயரைக் கழட்டி விடுங்கோ.” உறுமல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே இன்சுலேஷன் விட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியின் உலோகத்துக்கு வரும், அங்கிருந்து அம்புக்கும் சுழலிக்கும் வரும். கரண்ட் இறங்கிப் போக எர்த் இல்லையென்றால் ட்ரிப் ஸ்விட்ச் விழுவதற்கு மனிதர் ஒருவர் தொட வேண்டும். மாமா அதைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஒரு ஆம்பியர்

ஆர்சிஏ வயரில் வெளிப்பின்னலுக்கு இரண்டு வேலை. கவசமும் அதுதான், சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதுதான். சுற்றுகிற எர்த் கரண்ட் பின்னலின் தடையில் ஒரு வோல்டைக் கட்டும், சப்வூஃபர் அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கும். பின்னலின் தடை குறைந்தால் உறுமலும் அதே அளவில் குறையும். ஆகவே கடை வயரின் பின்னல் எவ்வளவு என்று அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டருக்கு இது எட்டாது, அதன் சொந்த வயரின் தடையே கூட. அதனால் 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்றில் 4.7 ஓம், 10 வாட் தடை ஒன்றைத் தொடுத்து, ஏறத்தாழ 1 ஆம்பியரைப் பின்னல் வழியே ஓடவிட்டேன். பிறகு பின்னலின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் அளந்தால் போதும். தடை கட்டையில் கை வைக்காதீர்கள், நன்றாகச் சுடும்.

கடையில் வாங்கிய 5 மீட்டர் சப்வூஃபர் வயர்: 0.9 ஆம்பியர் ஓடியது, 720 மில்லிவோல்ட் வந்தது. அதாவது 0.8 ஓம்.

“முக்கால் ஓமுக்குக் கொஞ்சம் மேல மாமா.”

“முக்கால் ஓம் எண்டா முக்கால் சம்மதமோ?”

அந்த வயரின் விரல் தடிப்பான உறையை உரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி பிளாஸ்டிக். உள்ளே பின்னல் இல்லை, ஒரு பக்கமாகச் சுற்றிவிட்ட மயிர் போன்ற கம்பிகள் கொஞ்சம். தங்கப் பூச்சுப் பிளக் மட்டும் பளபளத்தது.

எனது வயருக்கு சீசீடிவி காமராவுக்குப் போடும் ஆர்ஜி 59ஐ எடுத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: டிவி அன்டெனாவுக்கு என்று விற்கும் கோஎக்சியல் பெரும்பாலும் அலுமினியப் பின்னல், நடுவில் செம்பு பூசிய இரும்பு. ஈயம் ஒட்டவே ஒட்டாது. சீசீடிவிக்கு என்று கேட்டு வாங்கினாலும், கடையிலேயே ஒரு அங்குலம் உரித்துச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். சிவப்பாக இருந்தது, வாங்கினேன்.

செம்புப் பின்னல் அடர்ந்த கேபிளில் வேலை செய்வது மைக் கேபிளை விடக் கஷ்டம். பின்னல் சூட்டை விழுங்கும், ஆனால் உள்ளே இருக்கும் பொலிஎதிலீன் 110 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். அதிக நேரம் சுட்டால் நடுக் கம்பி மெதுவாகச் சரிந்து பின்னலைத் தொட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே பின்னலை ஊசியால் சிக்கெடுத்து, ஒரு பக்கம் திரட்டி முறுக்கி, தனியே ஈயம் ஏற்றி ஆறவிட்டேன். ஆறிய பிறகே பிளக்கில் வைத்தேன். தடித்த நுனி, 350 பாகை, மூன்று விநாடி, எடுத்துவிட வேண்டும். தயங்கித் தயங்கித் தொடுகிறவர்கள்தான் உருக்குகிறார்கள். இந்தத் தடவை பிளக் உறையை முதலே கோர்த்திருந்தேன்.

அதே சோதனை: 1.05 ஆம்பியருக்கு 58 மில்லிவோல்ட், அதாவது 0.055 ஓம். கடை வயரின் பதினாலில் ஒரு பங்கு. கணக்குப்படி உறுமல் 23 டெசிபெல் குறைய வேண்டும். சப்வூஃபர் முன்னால் மைக்கை வைத்து ஓடாசிட்டி மென்பொருளில் பார்த்தபோது 50 ஹெர்ட்ஸ் கூர் 19 டெசிபெல் இறங்கியிருந்தது. மிச்ச நாலு எங்கே போனது? ஒரு பகுதி பிளக்கும் சொக்கெட்டும் தொடும் இடத்துத் தடையாக இருக்கலாம். சொக்கெட்டும் கடற்காற்றில் இருந்ததுதானே, அதிலும் கறல்.

இத்தனை வருடத்தில் நான் செய்த வயர் ஒன்று கடை வயரை உறுதியாக வென்ற இடம் இதுதான். விலை கூடிய வயரின் பெட்டியில் எழுதும் எந்தச் சமாச்சாரத்துக்கும் அதில் பங்கில்லை.

பிஸ்கட் டின்

மாடு கன்றுக்குட்டியாகிவிட்டது. பகலில் காலி வீதியின் பஸ் சத்தத்தில் கேட்காது, இரவு பத்து மணிக்குப் பிறகு கேட்கும். மாமா இரவில்தான் கேட்பார்.

வட்டத்தை எங்காவது வெட்ட வேண்டும். டிஷ் கேபிளில் வெட்டலாம் என்று அன்டெனாவுக்கு விற்கும் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டேன். டிவியில் சிக்னல் இல்லை என்று வந்தது. டிஷ்ஷின் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிளில்தான் போகிறது, ஐசொலேட்டர் அதையும் மறித்துவிட்டது. மாமியின் நாடக நேரத்தில் அதைச் செய்தது என் கெட்ட காலம்.

மிஞ்சிய இடம் டிவிப் பெட்டிக்கும் அம்புக்கும் இடையில். அங்கே ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்போமர் வைத்தால், பாட்டு காந்த வழியாகத் தாவும், எர்த் கரண்ட் தாவ முடியாது. பழைய டயல்அப் மோடம் அட்டைகள் பலவற்றில் 600 ஓம் டிரான்ஸ்போமர் ஒன்று இருக்கும். என் பழைய சாமான் பெட்டியில் அப்படி இரண்டு அட்டை கிடந்தன. டெலிபோன் பேச்சுக்குச் செய்தவை, ஆகவே தாழ்ந்த ஒலி மெலியும், சத்தம் கூடினால் பிசிறும். இசைத்தட்டை இதற்குள்ளால் விடவே மாட்டேன். செய்திக்கும் நாடகத்துக்கும் போதும்.

இவற்றுக்கு இரும்புப் பெட்டி வேண்டும், பக்கத்தில் இருக்கும் அம்பின் காந்த உறுமலைக் கொஞ்சமாவது தடுக்க. சமையலறை மேல்தட்டில் ஒரு மலிபன் பிஸ்கட் டின் வெறுமையாக இருந்தது. வெள்ளீயம் பூசிய இரும்பு, பெயின்டைச் சுரண்டினால் ஈயம் வெண்ணெய் மாதிரிப் பிடிக்கும். நாலு துளை போட்டு, நாலு சொக்கெட்டைத் திருகி, இணைத்து, செருகினேன்.

உறுமல் அதே அளவில் இருந்தது.

கால் மணித்தியாலம் டின்னைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு விளங்கியது. உள்ளே வட்டத்தை அழகாக வெட்டிவிட்டு, நாலு சொக்கெட்டின் உலோகக் கழுத்தையும் ஒரே டின்னில் திருகியிருக்கிறேன். வெட்டியதை டின்னே திரும்ப ஒட்டிவிட்டது. டிவிப் பெட்டிப் பக்கத்து இரண்டு சொக்கெட்டையும் கழற்றி, துளையைப் பெருப்பித்து, யோகட் கப்பிலிருந்து வெட்டிய வளையங்களை உள்ளும் புறமும் வைத்துத் திருப்பிப் பூட்டினேன். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் தொடர்பில்லை என்று வந்தது. செருகினேன்.

மாமா வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினார். ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் கேட்டது.

கடைசியாக எனக்காக ஒரு சோதனை செய்தோம். அலுவலக நண்பர் ஒருவரிடம் துணிப் பின்னல் உறை போட்ட, கனமான, கைக்கெட்டாத விலைச் சோடி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிவந்து, எனது 90 சென்டிமீட்டர் ஆர்ஜி 59க்கு எதிராக சுழலியில் போட்டுப் பார்த்தோம். இரண்டின் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதே காசு, அதே மச்சாள், அதே நாதஸ்வரத் தட்டு. மாமா ஆறில் மூன்று சரியாகச் சொன்னார். காசை மட்டும் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். நான் நாலு. எனக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது; திரும்ப ஆறு தடவை செய்தபோது இரண்டுதான் வந்தது.

இப்போது டின் அம்புக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் எல்லாப் பிளக்கையும் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டு வருவதாகப் பேச்சு. முதல் தடவை போனபோது, மாமா தட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். தவில் தொடங்குவதற்கு முன் வரும் அந்த அமைதியில் சமையலறையிலிருந்து மாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“என்ர முறுக்கு டின்னைக் கண்ட ஆராவது இருக்கிறியளோ?”

மாமா என்னைப் பார்க்கவில்லை. நான் அம்புக்குப் பின்னால் பார்க்கவில்லை.